பாணுக்கு அங்கே என்ன பெயர்?

(வெளிநாடு சென்று படிக்கவிருக்கும் மாணவர்களும் பெற்றோரும் கூடிய கண்டி அவையொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"அரபு நாட்டில் ஒரு மாணவனின் வாழ்க்கை" என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. அரபு லீக்கில் 22 நாடுகள் இருக்கின்றன. அவற்றில் நான் வாழ்ந்து அறிந்தது ஒன்றே ஒன்று. அதிலும் ஒரே ஒரு நகரம். எகிப்து தேசத்தின் கெய்ரோ. ஆகவே அரபு உலகம் முழுவதையும் பற்றி நான் பேசப் போவதில்லை. கெய்ரோவைப் பற்றிப் பேசப் போகிறேன். கெய்ரோவிலும் ஒரு பேக்கரி வாசலில் இருந்து தொடங்கப் போகிறேன்.

ஏன் பேக்கரி வாசல்? நான் அல்-அஸ்ஹரில் படித்தவன் என்றுதானே என்னை அழைத்தீர்கள், ஆயிரம் ஆண்டு பழமையான அந்தப் பள்ளிவாசலின் தூண்களில் இருந்தல்லவா தொடங்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கும் வருவேன். ஆனால் எனக்குப் படிப்பு தொடங்கிய இடம் அந்தப் பேக்கரி வாசல்தான்.

1996ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். ஏழு வருடம் மதரசாவில் ஓதி, மௌலவிப் பட்டம் பெற்று, கையில் ஒரு பெட்டியும் நெஞ்சில் பெரிய நம்பிக்கையுமாக நான் கெய்ரோவில் இறங்கினேன். அந்த நம்பிக்கை எதனால் வந்தது? மொழியால் வந்தது. எனக்கு அரபு தெரியும்! இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா, ஆயிரம் அடிகளில் இலக்கணம் சொல்லும் அந்த நூல், எனக்கு மனப்பாடம். அதற்கு இப்னு அகீல் எழுதிய உரையை வரிவரியாக ஓதியிருக்கிறேன். அந்த இப்னு அகீல் வாழ்ந்த ஊர் எது? 14ஆம் நூற்றாண்டில் அவர் காழியாக இருந்த ஊர் எது? இதே கெய்ரோ! என் ஆசிரியரின் வீட்டுக்கே வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முதல் வாரம், ஒரு காலைப்பொழுது. நஸ்ர் சிட்டி என்ற பகுதியில், ஏழாம் வட்டாரம் என்று அழைக்கிற இடத்தில், நாங்கள் இலங்கைப் பிள்ளைகள் நால்வர் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பாண் வாங்கி வருவது அன்று என் முறை. தெருமுனையில் பேக்கரி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. என் முறை வந்தது. நான் நிமிர்ந்து நின்று, வேற்றுமை உருபு ஒன்றுகூடத் தவறாமல் சொன்னேன்: "உரீது குப்ஸன், மின் ஃபழ்லிக்க." தயவுசெய்து, எனக்கு ரொட்டி வேண்டும்.

பேக்கரிக்காரர் மாவு படிந்த கையை நெஞ்சில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். "ஆயிஸ் ஏஷ், யா மவ்லானா?" என்றார்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "ஆயிஸ்" என்ன? "ஏஷ்" என்ன? திரும்பவும் "குப்ஸன்" என்றேன். வளைகுடாவுக்குப் போய்வந்த நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த அதே குபூஸ்தான். அவர் "பி காம்?" என்றார். எவ்வளவுக்கு வேண்டும் என்று கேட்கிறார். அதுவும் விளங்கவில்லை. பின்னால் வரிசை நீண்டு கிடக்கிறது. விலையும் தெரியாது. சட்டைப்பையில் இருந்த ஒரு பவுண்ட் தாளை எடுத்து நீட்டினேன்.

அவர் எண்ணத் தொடங்கினார். ஐந்து. பத்து. பதினைந்து. இருபது! அப்போது ஒரு ரொட்டி 5 கிர்ஷ். நூறு கிர்ஷ் ஒரு பவுண்ட். 1980களின் இறுதி முதல் 2024 வரை அரசு மானியத்தில் அதே 5 கிர்ஷுக்கு விற்ற ரொட்டி அது. சாண் அகலத்தில் வட்டமாக, மேலே தவிடு ஒட்டி, அடுப்புச் சூட்டில் பந்துபோல் ஊதி, ஆவி பறக்க, இருபது ரொட்டி! பையும் கொண்டுபோகவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சூடு சட்டையைத் தாண்டி உடம்பில் ஏறியது.

அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பேரீச்சை மட்டையில் பின்னிய தட்டுகள் வாசலில் அடுக்கிக் கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து, என் கையிலிருந்த ரொட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி அதில் பரப்பினார். அங்கே அதுதான் வழக்கம். சூடாக அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆறவிட்டுத்தான் அடுக்க வேண்டும். பரப்பி முடித்து, ஒரு ரொட்டியைத் தொட்டுக் காட்டி என் முகத்தைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "ஏஷ்." நான் சொன்னேன்: "ஏஷ்." அவர் தலையை ஆட்டினார்.

எனக்குக் கெய்ரோவில் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

ஆயிஸ் என்றால் "வேண்டுமா?" ஏஷ் என்றால் என்ன தெரியுமா? வாழ்க்கை! உயிர் வாழ்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல். அரபு நாடுகள் பலவும் குப்ஸ் என்று சொல்லும் ரொட்டியை எகிப்தியன் "வாழ்வு" என்றே அழைக்கிறான். அந்த மக்களிடம் ரொட்டி தரையில் விழுந்தால் எடுத்து முத்தமிட்டு, கால் படாத இடத்தில் வைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். 1977 ஜனவரியில் அரசு உணவு மானியத்தைக் குறைத்தபோது நாடே தெருவில் இறங்கியது; அரசு பின்வாங்கியது. 2011 எழுச்சியில் தஹ்ரீர் சதுக்கத்தில் இலட்சக்கணக்கானோர் எழுப்பிய முழக்கத்தின் முதல் சொல் எது? ஏஷ்! அதற்குப் பிறகுதான் சுதந்திரம், அதற்கும் பிறகுதான் சமூக நீதி. அந்தச் சொல்லை ஏழு வருடம் ஓதியும் நான் அறியவில்லை. ஒரு பேக்கரிக்காரர் ஒரு நிமிடத்தில் சொல்லித் தந்தார்.

அன்பானவர்களே, இதில் என் மதரசாவின் குறை எதுவும் இல்லை. அரபு அப்படிப்பட்ட மொழி. எழுதுவது ஒன்று, பேசுவது வேறொன்று. எழுதும் மொழியை ஃபுஸ்ஹா என்பார்கள், பேசும் மொழியை ஆம்மிய்யா என்பார்கள். 1959இல் சார்லஸ் பெர்குசன் என்ற மொழியியலாளர் இப்படி இரண்டு வழக்கும் அருகருகே வாழும் மொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்துக்காட்டிய நான்கு மொழிகளில் அரபு ஒன்று. நம் அறிஞர்கள் இதை இரட்டை வழக்கு என்பார்கள். தமிழனுக்கு இது புதுமையா? "நான் உணவு உட்கொள்ள விரும்புகிறேன்" என்று ஒரு வெள்ளைக்காரர் வந்து கண்டிக் கடைத்தெருவில் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? விளங்கும், ஆனால் ஒரு கணம் திகைத்து நிற்போம். அந்த வெள்ளைக்காரர்தான் அன்றைக்கு நான்.

கெய்ரோக்காரனின் நாக்கில் ஜீம் என்ற எழுத்து "க"வாகிவிடும்; ஆங்கிலத்தில் கோல்ட் என்பதன் முதல் ஒலி. மஸ்ஜித் அவனுக்கு மஸ்கித். காஃப் என்ற எழுத்தோ தொண்டையில் ஒரு சிறு தடையாக நின்று மறைந்துவிடும். கல்ப் என்ற இதயம் அவனுக்கு அல்ப். அங்கே போய்வந்த பிறகுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. கோப்பைக்கு ஏட்டு அரபில் ஃபின்ஜான். கெய்ரோவில் ஃபிங்கான். சொல்லிப் பாருங்கள், ஃபிங்கான்! நம் உம்மாமார் அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் பீங்கான் அதன் உறவுக்காரன்.

அது மட்டுமா? ஏட்டில் "மா இஸ்முக்க?" என்று கேட்போம், கேள்விச் சொல் முதலில் வரும். கெய்ரோவில் "இஸ்மக் ஏ?" என்பார்கள். இஸ்மக், உன் பெயர். ஏ, என்ன. உன் பெயர் என்ன? நம் தமிழ் வரிசை! "தா ஏ?" இது என்ன? "ராயிஹ் ஃபேன்?" போவது எங்கே? இதை முதலில் உணர்ந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏட்டு அரபை நான் தமிழிலிருந்து தலைகீழாக மாற்றி மாற்றித்தான் படித்தேன். தெரு அரபோ எனக்காகத் திரும்பி நின்றதுபோல் இருந்தது.

ஆனால் அந்த மகிழ்ச்சி வருவதற்கு முன் ஆறு மாதம் வீணாயிற்று. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்களுக்காகவே சொல்ல வேண்டும். நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில். காலையில் தமிழ், இரவில் தமிழ். சம்பல் இடிக்க உரல் இல்லை என்று கவலை. தேங்காய் எங்கே கிடைக்கும் என்று ஆராய்ச்சி. ஊரிலிருந்து யாராவது வந்தால் கருவாடு வரும், அன்று எங்களுக்குப் பெருநாள். கடைக்குப் போக வேண்டுமா? நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவனை அனுப்புவோம். மற்ற மூவரும் வீட்டில் இருப்போம். ஆறு மாதம் நான் கெய்ரோவில் இருந்தேனா? இல்லை. கெய்ரோவுக்குள் இருந்த எங்கள் ஊர் அறை ஒன்றில் இருந்தேன்.

வகுப்பிலோ பெரும் துன்பம். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த மண்டபம். பேராசிரியர் நூலை வாசிப்பார்; தெளிந்த ஃபுஸ்ஹா; ஒவ்வொரு சொல்லும் விளங்கும். பிறகு நூலை மூடுவார். "யஅனீ ஏ?", அதாவது என்ன பொருள் என்று கேட்டு, விளக்கத்தைத் தொடங்குவார். அந்த விளக்கம் ஆம்மிய்யாவில்! எது விளங்காதவனுக்காக அந்த விளக்கமோ, அவனுக்கு மட்டும் அது விளங்காது. மண்டபம் சிரிக்கும், நான் சிரிக்காமல் இருப்பேன். மண்டபம் குனிந்து எழுதும், எதை எழுதுவது என்று எனக்குத் தெரியாது. முதல் ஆண்டில் எனக்குக் கிடைத்த தரம் மக்பூல். ஏற்றுக்கொள்ளத்தக்கது என்று பொருள். தேறியவர்களில் கடைசி நிலை. மதரசாவில் முதலாம் ஆளாக வந்தவனுக்கு!

அந்தச் சமயத்தில்தான் எனக்கு விடுதியில் இடம் கிடைத்தது. மதீனத்துல் புஊஸ். வெளிநாட்டு மாணவர்களுக்காக 1950களில் எழுப்பிய ஒரு சிறு நகரமே அது. இந்தோனேசியர், நைஜீரியர், பொஸ்னியர், கஸாக்கியர், மாலைதீவுக்காரர், தாய்லாந்தின் பட்டாணிப் பிள்ளைகள். என் அறைக்குச் செனகலிலிருந்து ஒரு சகோதரர் வந்தார். அவருக்குத் தாய்மொழி வொலோஃப், படித்தது பிரெஞ்சு. எனக்குத் தமிழும் சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த பாலம் எது? ஏட்டு அரபு! பேக்கரியில் விலைபோகாத அந்த ஃபுஸ்ஹா எங்கள் அறையில் உயிரோடு எழுந்து உட்கார்ந்தது. உப்பு எங்கே என்று ஃபுஸ்ஹாவில் கேட்டோம். குளிர்கிறது, யன்னலைச் சாத்து என்று ஃபுஸ்ஹாவில் சண்டை பிடித்தோம். அவருக்கு உம்மா மௌத்தான செய்தி வந்த இரவில், அவர் அழ, நான் ஃபுஸ்ஹாவில்தான் ஆறுதல் சொன்னேன். ஆகவே தம்பிமாரே, நீங்கள் இப்போது மனப்பாடம் செய்யும் இலக்கணம் வீண்போகாது. செனகலையும் கண்டியையும் ஓர் அறையில் உட்கார வைக்கும் வல்லமை அதற்கு உண்டு. தெருவுக்கு மட்டும் வேறு பாடம் வேண்டும்.

அந்தப் பாடத்தைப் படிக்க நான் மைக்ரோபஸ்ஸில் ஏறினேன்.

கெய்ரோவின் மைக்ரோபஸ்ஸில் கொண்டக்டர் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவர் தம் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுப்பார். அவர் தமக்கு முன்னால் இருப்பவரிடம். அப்படிக் கை மாறிக் கை மாறிக் காசு சாரதியிடம் போகும். "ஒருவருக்கு", "இரண்டு பேருக்கு" என்ற சொல்லும் காசோடு கூடவே போகும். பிறகு மிச்சக் காசு அதே கைகளின் வழியாகத் திரும்பி வரும். ஒரு கிர்ஷ் குறைந்து நான் கண்டதில்லை. காசு போன திசையில் அது சுணங்கினால் பின்னாலிருந்து ஒரு குரல் எழும்: "எல் பாஈ, யா உஸ்தா!"

பாஈ! நான் சீட்டில் நிமிர்ந்தேன். பாகீ என்பதில் காஃபை விழுங்கினால் பாஈ. பாகீ என்றால் என்ன? நம் கடைக் கொப்பியில் எழுதியிருக்கும் பாக்கி! உஸ்தா யார்? நம் உஸ்தாத்! கைத்தொழில் வல்லவரையும் வண்டி ஓட்டுபவரையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "பாக்கி எங்கே உஸ்தாதே!" என்று ஒரு கிழவி கெய்ரோவில் கத்துகிறாள், நான் கண்டியில் பிறந்தவன், எனக்கு அகராதி இல்லாமல் விளங்குகிறது. தகராறு, ரத்து, சவால் என்று நாம் அன்றாடம் புழங்கும் எத்தனை சொற்கள் அந்த மண்ணில் வேர்கொண்டவை! அன்றிலிருந்து நான் சாரதிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காருவதில்லை. நடு வரிசையில் உட்காருவேன். எல்லோருடைய காசும் என் கைவழியே போகட்டும், எல்லோருடைய சொல்லும் என் காதுவழியே போகட்டும் என்று. இரண்டாம் ஆண்டு வகுப்பில் மண்டபம் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

இனி அஸ்ஹருக்கு வருகிறேன். ஃபாத்திமியத் தளபதி ஜவ்ஹர் 970இல் கட்டத் தொடங்கி, 972இல் தொழுகைக்குத் திறந்த பள்ளிவாசல் அது. ஒவ்வொரு தூணடியிலும் ஓர் ஆசிரியர் உட்கார, மாணவர்கள் வட்டமாகச் சூழ, அப்படி வளர்ந்த கல்விக்கூடம். வட ஆப்பிரிக்காவின் மக்ரிபிகளுக்கு ஒரு தாழ்வாரம், சிரியாப் பக்கத்து ஷாம் தேசத்தவருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, ஜாவாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்களுக்கு ஒன்று என்று நாடுவாரியாக அங்கே தங்கிப் படித்தார்கள். ரிவாக் என்று அவற்றுக்குப் பெயர். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் மருத்துவமும் பொறியியலும் அங்கே நுழைந்தன. பெண்களுக்கான கல்லூரிக்கும் அதே சட்டம்தான் வாசல் திறந்தது. தங்கைமாரே, அந்த வாசல் உங்களுடையது. பரீட்சைக் காலத்து மாலைகளில் நாங்கள் அந்தப் பளிங்கு முற்றத்தில் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேலும் கீழும் நடந்து மனப்பாடம் செய்வோம். நூறு பேர் நடப்பார்கள். ஒருவர்மேல் ஒருவர் மோதமாட்டார்கள். தாஹா ஹுஸைன் என்ற கண் தெரியாத சிறுவர் 1902இல் தென் எகிப்தின் ஒரு கிராமத்திலிருந்து வந்து படித்ததும் அங்கேதான். பின்னாளில் அவர் எகிப்தின் கல்வி அமைச்சர் ஆனார்.

மூன்றாம் ஆண்டில் நவீன இலக்கியம் ஒரு பாடம். அந்த நாளை நான் மறக்கமாட்டேன். பேராசிரியர் அன்று மஹ்மூத் ஸாமி அல்-பாரூதியைப் பற்றி நடத்துகிறார். பாரூதி யார்? எகிப்தின் பிரதமராக இருந்தவர். படைவீரர். நலிந்து கிடந்த அரபுக் கவிதையை மீண்டும் எழுப்பி நிறுத்தியவர். வாளுக்கும் எழுதுகோலுக்கும் உரியவர் என்று எகிப்தியர் அவரைச் சொல்வார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அவரைத் தெரியும். 1882இல் அஹ்மத் அராபி பாஷாவின் எழுச்சி தல் அல்-கபீர் போர்க்களத்தில் தோற்றபோது, ஆங்கிலேயர் நாட்டைப் பிடித்தபோது, தலைவர்கள் எழுவர் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் பாரூதியும் ஒருவர். "எங்கே அனுப்பினார்கள்?" என்று பேராசிரியர் கேட்டார். மண்டபம் ஒரே குரலில் சொன்னது: "ஸரந்தீப்!"

ஸரந்தீப்! பெரியோர்களே, அது எந்த நாடு? அது நம் நாடு! 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பில் இறங்கினார்கள். பாரூதி கொழும்பிலும் பிறகு இதே கண்டியிலுமாக ஏறக்குறையப் பதினேழு ஆண்டு வாழ்ந்தார். இங்கேயிருந்து ஆங்கிலம் கற்றார். ஊரிலே மனைவி மௌத்தான செய்தி இங்கேதான் அவருக்கு வந்தது. அதற்கு அவர் எழுதிய இரங்கற்பா இன்றும் அங்கே வகுப்பில் ஓதப்படுகிறது. கண் பார்வை மங்கி, 1899இல் ஊர் திரும்பி, 1904இல் மறைந்தார்.

நான் கையை உயர்த்தினேன். "நான் ஸரந்தீபிலிருந்து வந்தவன், உஸ்தாத். பாரூதி இருந்த ஊர்தான் என் ஊர்" என்றேன். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் மேடையிலிருந்து இறங்கினார். "எழுந்து நில். அந்த ஊர் எப்படி இருக்கும் என்று இவர்களுக்குச் சொல்" என்றார்.

என்ன சொல்வேன்? குளத்தைச் சொன்னேன். மலையைச் சொன்னேன். காலையில் இறங்கும் பனிமூட்டத்தைச் சொன்னேன். நாள் முழுக்கப் பெய்யும் மழையைச் சொன்னேன். வருடத்தில் சில நாட்கள் மட்டும் தூறல் விழும் கெய்ரோவின் பிள்ளைகள் அதை வாய்திறந்து கேட்டார்கள். சொல்லிக்கொண்டே போகையில் என் குரல் நின்றுவிட்டது. கைக்கு முன்னால் திறந்திருந்த பாடநூலில் அதே மலைகள் இருந்தன. அதே மழை இருந்தது. ஆனால் அங்கே அவை சிறை! எனக்கு எது வீடோ அது அவருக்குச் சிறை. எந்த மழைச் சத்தத்துக்காக நான் கெய்ரோவில் ஏங்கினேனோ அந்தச் சத்தத்தில் அவருக்கு நைல் நதி மட்டுமே கேட்டது. ஓர் ஊரை நேசிப்பதும் ஓர் ஊரில் தவிப்பதும் ஊரின் குணத்தால் வருவதில்லை என்று அன்று எனக்குத் தெரிந்தது. விரும்பிப் போனவன் நான். படிப்பு முடிந்தால் திரும்பலாம் என்ற சீட்டு என் பெட்டியில் இருந்தது. அவருக்கு அது இல்லை.

அதற்குப் பிறகு கெய்ரோ எனக்கு வேறு ஊராயிற்று. நிலத்தடி ரயில் வரைபடத்தில் "அராபி" என்று ஒரு நிலையம். எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், அன்றுதான் இறங்கி நின்றேன். அந்த நகரத்தில் பாஷா என்ற பட்டம் 1952 புரட்சிக்குப் பின் சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் தெருவில் யாரும் யாரையும் "யா பாஷா" என்று கூப்பிடுவார்கள். பழக்கடைக்காரர் கூப்பிடுவார், வண்டிக்காரர் கூப்பிடுவார். எங்கள் பேக்கரிக்காரரும் மவ்லானாவை விட்டு எப்போதோ பாஷாவுக்கு மாறிவிட்டார். விடுதிக்குப் போன பிறகும் வெள்ளிக்கிழமை தோறும் அவரிடம் போய்வருவேன். அவர் எனக்கு வாரம் ஒரு சொல் தருவார். நான் அவருக்குத் தமிழில் ஒன்று சொல்வேன்.

ரமழானைப் பற்றிச் சொல்லாமல் கெய்ரோவைச் சொல்லி முடிக்க முடியாது. முதல் ரமழானில் எனக்கு இருந்த ஒரே ஏக்கம் நோன்புக் கஞ்சி. அஸர் தொழுது முடிந்ததும் பள்ளிவாசல் பின்வாசலில் கிடாரத்தைச் சுற்றிச் சட்டியோடு பிள்ளைகள் நிற்பார்களே, அந்தக் காட்சி கண்ணிலேயே நின்றது. மக்ரிப் நெருங்க மைக்ரோபஸ் பறக்கிறது. எல்லோரும் வீடுபோய்ச் சேரத் துடிக்கிறார்கள். பாங்கு சொல்லிவிட்டது, வண்டி இன்னும் பாதையில். திடீரென்று நாலைந்து இளைஞர்கள் நடுத்தெருவில் பாய்ந்து வண்டியை மறித்தார்கள். பயந்துவிட்டேன். யன்னல் வழியாகக் கைகள் உள்ளே வந்தன. ஒவ்வொரு கையிலும் மூன்று பேரீச்சம்பழம், ஒரு குவளை கறுத்த பானம். "இத்ஃபள்ளல், இத்ஃபள்ளல்!" எடுத்துக்கொள், எடுத்துக்கொள். குடித்தேன். புளி! சீனி போட்ட புளித் தண்ணீர். பெயர் கேட்டேன். "தமர் ஹிந்தி" என்றார்கள். இந்தியப் பேரீச்சை. நம் பக்கத்துப் புளியைத்தான் அவர்கள் அப்படி அழைக்கிறார்கள்! உம்மாவின் மீன் ஆணத்தில் கரைத்து ஊற்றும் புளி, நோன்பு திறக்கும் பானமாகக் கெய்ரோத் தெருவில் என் கையில் இருந்தது. தெருவோரங்களில் நீண்ட மேசைகள் போட்டிருந்தன. மாயிதத்துர் ரஹ்மான், அருளாளனின் விருந்து மேசை. யார் வந்தாலும் உட்காரலாம். நீ யார், எந்த ஊர் என்ற கேள்வி கிடையாது.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். என்னை அனுப்பி வைத்தவர் ஒரு தரகர். மௌலவிப் பட்டம் அங்கே அப்படியே செல்லும், நேரே கல்லூரியில் சேரலாம் என்று வாப்பாவிடம் உறுதி சொன்னார். போன பிறகுதான் தெரிந்தது, அந்தச் சான்றிதழுக்குச் சமநிலை அங்கீகாரமே இல்லை என்று. அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். "புக்ரா" என்பார்கள். நாளைக்கு. மறுநாளும் புக்ரா. தகுதித் தேர்வு எழுதி, அதில் தேறித்தான் உள்ளே போனேன். என்னோடு வந்தவர்களில் ஒருவர் தேறாமல், உயர்தர வகுப்பில் இரண்டு ஆண்டு திரும்பவும் உட்கார்ந்தார். ஒருவர் ஊருக்கே திரும்பினார். வாப்பா காணியை ஈடு வைத்து அனுப்பிய பிள்ளை அவர்! ஆகவே முஆதலா என்ற சமநிலைப் பத்திரத்தை உங்கள் கண்ணால் காணாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். தரகர் வாயை நம்பாதீர்கள். பிள்ளை படிக்கப்போகும் இடத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

அந்த நாட்களில் ஊருக்குப் பேச வேண்டுமானால் ஸென்ட்ரால் என்ற தொலைபேசி நிலையத்துக்குப் போக வேண்டும். மூன்று நிமிடத்துக்குக் காசு கட்டிவிட்டுக் கூண்டுக்குள் நிற்க வேண்டும். சமநிலை கிடைக்காத சேதியைச் சொல்லத்தான் போனேன். மறுமுனையில் உம்மா கேட்டா, "மகன், சோறு திண்டியா?" "ஓ உம்மா" என்றேன். மூன்று நிமிடமும் அதிலேயே போய்விட்டது.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய அடுத்த வாரம் நான் ஹல்லொலுவ வீதிக்கு நடந்து போனேன். அராபி பாஷா இருந்த வீடு அங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. சிறுவயதில் அந்தப் பக்கம் நூறு முறை போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. அன்று போனேன். சுவரில் அவருடைய படம். ஒரு கிராமத்துப் பிள்ளையாகக் கெய்ரோவுக்கு வந்து, இளவயதில் அதே அஸ்ஹரில் ஓதியவர் அவர். ஒரு தேசத்தின் படையை நடத்தியவர். இங்கே வந்து, 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திட்ட சித்திலெப்பைக்கும் வாப்பிச்சி மரிக்காருக்கும் துணை நின்றவர். 1901இல்தான் ஊர் திரும்பினார். பதினெட்டு ஆண்டு!

அந்த முற்றத்தில் நின்றபோது எனக்குப் பள்ளிக்கூடமோ போர்க்களமோ நினைவுக்கு வரவில்லை. மாவு படிந்த இரண்டு கைகள்தான் நினைவுக்கு வந்தன. அவரும் ஒரு காலையில் பசியோடு இந்த வீதியில் இறங்கி நடந்திருப்பாரே. ஒரு கடை வாசலில் நின்று "ஏஷ்" என்று கேட்டிருப்பாரே. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் ஒன்றை நாம் அதற்கு வைத்திருக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கல்லாவை விட்டு எழுந்து வந்து, அதைத் தொட்டுக் காட்டி, அவர் முகத்தைப் பார்த்துப் "பாண்" என்று சொல்லிக் கொடுத்தவர் யார்? இந்த ஊரின் முதியவர்களிடம் அன்று முதல் கேட்டு வருகிறேன். உங்களில் யாருடைய வீட்டிலாவது, பாட்டன் சொன்னதாக, பூட்டன் சொன்னதாக, அப்படி ஒரு கதை இருந்தால் கூட்டம் கலைவதற்கு முன் என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் இந்த வாசலிலேயே நிற்கிறேன்.